பார்பிகியூ கோழி எங்கே கெடுகிறது: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

சிங்கப்பூரில் நம் வீடுகளில் பார்பிகியூ என்றாலே சாஸுக்குத்தான் முதல் மரியாதை. முதல் நாள் இரவே மிளகாய் அரைத்து, குலா மலாக்கா (தென்னை வெல்லம்) காய்ச்சி, கோழியை அதில் புரட்டி டப்பாவில் அடைத்துவிடுகிறோம். மறுநாள் பூங்காவில் கரி பிடித்ததும் அந்தக் கோழி அப்படியே கம்பி வலைக்கு ஏறுகிறது. கால் மணி நேரத்தில் வெளியே கருப்பு, உள்ளே பச்சை. கரி சரியில்லை என்கிறார்கள், விசிறியவர் சரியில்லை என்கிறார்கள். பெரும்பாலும் காரணம் வேறு. இனிப்புச் சேர்ந்த சாஸும் கோழியும் ஒன்றாக வேக முடியாது. கோழி வெந்து முடியும் தறுவாயில்தான் சாஸ் வர வேண்டும்.

உங்களுக்கு நேர்ந்த குறை எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் முதல் இரண்டை எல்லோரும் படித்துவிடுங்கள். முதலாவதில் மற்றக் குறைகளில் பாதிக்கு விடை இருக்கிறது. இரண்டாவது பிள்ளைகளின் வயிறு சம்பந்தப்பட்டது.

வெளியே கருகிவிட்டது, உள்ளே வேகவில்லை

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு, பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே வரும்.

ஒன்று சர்க்கரை. சாதாரணச் சீனி சுமார் 160 டிகிரி செல்சியஸில் நிறம் மாறத் தொடங்கும். தேனில் உள்ள பழச்சர்க்கரை சுமார் 110 டிகிரியிலேயே மாறத் தொடங்கிவிடும். நன்றாகக் கனன்ற கரிக்கு நேர் மேலே உள்ள கம்பியின் சூடு 250 டிகிரியைத் தாண்டும். எலும்போடு கூடிய தொடை வேக முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். அவ்வளவு நேரம் அந்தச் சூட்டில் எந்தச் சர்க்கரையும் தாங்காது. குலா மலாக்கா, தேன், கிச்சாப் மானிஸ் என்னும் இனிப்புச் சோயா சாஸ், தக்காளி சாஸ் எதுவானாலும் கதை இதுதான்.

மற்றது கரியைப் பரப்பும் முறை. பூங்காவின் சிமெண்ட் அடுப்பில் கரியைச் சமமாகப் பரப்பி, வலை முழுவதும் கோழியை அடுக்குவதுதான் வழக்கம். அப்படிச் செய்தால் கோழி ஒதுங்க இடமே இல்லை. எங்கே நகர்த்தினாலும் கீழே நெருப்பு.

அடுப்பின் ஒரு பக்கம் மூன்றில் இரண்டு பங்கு இடத்தில் மட்டும் கரியை வையுங்கள். மீதி ஒரு பங்கு வெறுமையாக இருக்கட்டும். கோழி நிறைய இருந்தால் பாதிக்குப் பாதி. சூட்டைக் கையால் அறியலாம்: வலைக்கு ஒரு சாண் மேலே உள்ளங்கையைப் பிடியுங்கள். இரண்டு மூன்று விநாடிக்குள் கை தானாக விலகினால் அது கடும் சூடு, தோலை முறுக்க மட்டும் அந்த இடம். நான்கைந்து விநாடி தாங்கினால் நடுத்தரம். கரி இல்லாத பக்கத்தில் எட்டு விநாடிக்கு மேலும் தாங்கும், கோழி நிதானமாக வேகும் இடம் அது.

நான் பின்பற்றும் வரிசை இது. கோழியை உப்பும் மசாலாவும் மட்டும் தடவி, தோல் மேலே இருக்கும்படி கரி இல்லாத பக்கத்தில் அடுக்குகிறேன். பூங்கா அடுப்புக்கு மூடி கிடையாது என்பதால், ஆழமான அலுமினியத் தட்டு ஒன்றைக் கவிழ்த்து மூடுகிறேன். தேக்கா பக்கத்துப் பாத்திரக் கடைகளிலும் முஸ்தபாவிலும் கிடைக்கும் அதே தட்டுதான். அந்தத் தட்டு இல்லாமல் எலும்புக் கோழியை வேகவைக்க முயல்வதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். கடற்கரைக் காற்று சூட்டை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்விடும், மேல்பக்கம் வேகவே வேகாது. இறக்கைக்கு இருபது இருபத்தைந்து நிமிடம், எலும்புள்ள தொடைக்கும் காலுக்கும் முப்பத்தைந்திலிருந்து நாற்பத்தைந்து நிமிடம், எலும்பெடுத்த தொடைக்குப் பதினைந்து நிமிடம் ஆகும். பாதி நேரத்தில் ஒருமுறை இடம் மாற்றுங்கள். கரிக்கு அருகே இருந்தது தூரமாகப் போகட்டும்.

கடைசிப் பத்து நிமிடத்தில் சாஸ். மெல்லியதாக ஒரு பூச்சு, மூன்று நிமிடம், திருப்பி இன்னொரு பூச்சு. இப்படி மொத்தம் மூன்று பூச்சு. முடிவில் ஒவ்வொரு துண்டையும் கரிக்கு மேலே அரை நிமிடம் காட்டினால் ஓரங்கள் மட்டும் கருஞ்சிவப்பாகி மினுங்கும்.

ஏற்கெனவே கருகிவிட்டதா? கருகிய தோலை உரித்துவிடுங்கள். கோழியை அலுமினியத் தாளில் வைத்து இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து, இறுக்கமாகப் பொட்டலம் கட்டிக் கரி இல்லாத பக்கத்தில் வையுங்கள். ஆவியிலேயே வெந்துவிடும். பிறகு பிரித்துச் சாஸ் பூசிக்கொள்ளலாம். பார்க்கக் கொஞ்சம் குறைவுதான், ஆனால் கோழி வீணாகவில்லை.

எலும்போரம் சிவப்பாக இருக்கிறது, சாப்பிடலாமா

நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கடையில் கிடைக்கும் கோழி ஆறேழு வாரக் குஞ்சு. அதன் எலும்பு இன்னும் முற்றவில்லை, மஜ்ஜையின் சிவப்பு வேகும்போது வெளியே கசியும். உறைய வைத்த கோழியில் இது இன்னும் அதிகம். அதனால் முழுதாக வெந்த காலிலும் எலும்போரம் சிவந்திருக்கும். கரிப்புகை பட்ட கோழியில் தோலுக்கு அடியில் மெல்லிய இளஞ்சிவப்பு வளையமும் வரும். அது புகையின் வாயுக்கள் கறியின் நிறமியோடு சேர்வதால் வருவது. மறுபக்கம், வேகாத நெஞ்சுக்கறி வெள்ளையாகவே தெரிவதும் உண்டு. கண் இரண்டு வகையிலும் ஏமாற்றும்.

நம்பக்கூடியது வெப்பமானி ஒன்றுதான். சமையலறை வெப்பமானியின் ஊசியைத் தொடையின் தடித்த இடத்தில், எலும்பில் இடிக்காமல் குத்துங்கள். 74 டிகிரி காட்டினால் பாதுகாப்பு. காலுக்கும் தொடைக்கும் நான் அதோடு நிறுத்துவதில்லை. 80, 85 வரை போனால்தான் அங்குள்ள சவ்வு இளகி, கறி எலும்பை விட்டு வழுகும். நெஞ்சுக்கறிக்கு 74 போதும், அதற்கு மேல் போனால் சக்கை. வெப்பமானி இல்லாதவர்கள் ஒரு தொடையின் மூட்டை வெட்டிப் பாருங்கள்: கறி கண்ணாடி போல வழவழப்பாக இருந்தால் வேகவில்லை, நார் நாராகப் பிரிந்தால் வெந்துவிட்டது. ஆனாலும் பிள்ளைகளும் வயதானவர்களும் சாப்பிடும் இடத்தில் வெப்பமானிக்குச் செலவிடும் சில வெள்ளி கண்டிப்பாகத் தகும். கோழியில் சால்மோனெல்லா, கேம்பிலோபேக்டர் என்னும் கிருமிகள் இருக்கக்கூடும். 74 டிகிரி என்ற கணக்கே அவற்றைக் கொல்ல வைத்ததுதான்.

இதோடு சேர்ந்த ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். வீட்டில் கோழியைப் பாதி வேகவைத்து எடுத்துப் போய், பூங்காவில் மீதியை முடிப்பவர்கள் நிறைய. நேரம் மிச்சம் என்பது உண்மை. ஆனால் பாதி வெந்து வெதுவெதுப்பாகக் காரில் இரண்டு மணி நேரம் கிடக்கும் கோழியைவிடக் கிருமிக்குத் தோதான இடம் வேறில்லை. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில்தான் அவை வேகமாகப் பெருகும், நம் ஊர் வெயில் சரியாக அந்த நடுவில். முன்பே வேகவைப்பதானால் வீட்டிலேயே முழுதாக, 74 டிகிரிக்கு வேகவையுங்கள். ஆறவைத்துக் குளிர்ப்பெட்டியில் வைத்து, ஐஸ் போட்ட பெட்டியில் கொண்டு போங்கள். பூங்காவில் நெருப்பில் காட்டி உள்வரை சூடேற்றிச் சாஸ் பூசுவது மட்டும்தான் வேலை. நாற்பது பேருக்குச் சமைக்கும்போது நானும் இப்படித்தான் செய்வேன்.

சாஸ் ஒட்டவில்லை, வழிந்து கரியில் விழுகிறது

முதலில் சாஸின் பதத்தைப் பாருங்கள். கரண்டியின் பின்புறம் தோய்த்து விரலால் நடுவில் ஒரு கோடு கிழியுங்கள். கோடு மூடிக்கொண்டால் இன்னும் கொதிக்க வேண்டும். சோளமாவு கரைத்து ஊற்றிக் கெட்டியாக்குவது சுருக்கு வழி. ஆனால் புளியும் வினிகரும் உள்ள சாஸில் வெகுநேரம் கொதித்தால் மாவின் பிடி தளர்ந்து சாஸ் மீண்டும் நீர்த்துவிடும். வெங்காயத்தையும் தக்காளியையும் நன்றாக வதக்கி, மெல்லிய தீயில் சுண்ட வைத்த கெட்டி கடைசிவரை நிற்கும். நான் மாவு சேர்ப்பதே இல்லை.

சாஸ் கெட்டியாக இருந்தும் ஒட்டவில்லை என்றால் தோலில் நீரோ கொழுப்போ இருக்கிறது. கொழுப்பு உருகிப் பளபளக்கும் தோல்மேல் சாஸ் நிற்காது. பூசுவதற்கு முன் சமையலறைக் காகிதத்தால் ஒற்றி எடுங்கள். ஒரே தடவையில் அப்பினாலும் வழியும். மெல்லிய பூச்சு காய்ந்து பிசுக்கானால்தான் அடுத்த பூச்சுக்குப் பிடிமானம்.

தூரிகைக்கு சாத்தே கடைக்காரர்களின் வழிதான் எனக்குப் பிடிக்கும். ஒரு செராய்த் தண்டின் (எலுமிச்சைப்புல்) அடியை உலக்கையால் நசுக்கினால் நார் பிரிந்து தூரிகை ஆகிவிடும். வேகும்போது அதை எண்ணெயில் தோய்த்துத் தடவினால் மணம் ஏறும், கடைசியில் அதே போல வேறொரு தண்டால் சாஸ். பிளாஸ்டிக் முடி தூரிகை சூடான கம்பியில் பட்டால் உருகும், அது வேண்டாம்.

சாஸின் சுவை சரியில்லை

எதை வைத்துச் சரிசெய்கிறோம் என்று தெரிய, என் அளவைத் தருகிறேன். இரண்டு கிலோ கோழிக்கு: சின்ன வெங்காயம் 100 கிராம், பூண்டு எட்டுப் பல், விரல் நீளம் இஞ்சி, வெந்நீரில் ஊறவைத்த வற்றல் மிளகாய் பத்து. இவற்றை விழுதாக அரைத்து, நான்கு மேசைக்கரண்டி எண்ணெயில் எண்ணெய் பிரியும்வரை வதக்க வேண்டும். தக்காளி சாஸ் 200 மில்லி, எலுமிச்சை அளவு புளியைக் கரைத்த நீர் 100 மில்லி, வினிகர் 50 மில்லி, நொறுக்கிய குலா மலாக்கா 60 கிராம், கிச்சாப் மானிஸ் இரண்டு மேசைக்கரண்டி. அரைக் கரண்டி சோம்பும் ஒரு கரண்டி மிளகும் வறுத்துப் பொடித்தது. உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள், கிச்சாப்பிலும் தக்காளி சாஸிலும் ஏற்கெனவே உண்டு. இருபது நிமிடம் மெல்லிய தீயில்.

பச்சை வாடை அடிக்கிறது என்றால் விழுது வதங்கவில்லை. நெருப்பில் காட்டும்போது சரியாகிவிடும் என்று விட்டுவிடாதீர்கள், ஆகாது. சாஸ் கோழிமேல் இருப்பது பத்து நிமிடம்தான், வெங்காயத்தின் பச்சை போக அது போதாது. தனிச் சட்டியில் கொஞ்சம் எண்ணெய் காயவைத்து, சாஸை அதில் ஊற்றி, ஓரத்தில் எண்ணெய் மிதக்கும்வரை கிளறுங்கள்.

கசப்புக்கு மூன்று ஊற்றுக்கண். பூண்டு கருகியது ஒன்று. அந்தக் கசப்பு எதைச் சேர்த்தாலும் போகாது, விழுதைக் கொட்டிவிட்டு மீண்டும் அரைப்பதே வழி. மிளகாய் விதையோடு தீய்ந்தது இன்னொன்று, இதற்கும் அதே தீர்ப்பு. மூன்றாவது, சாஸ் சட்டியில் நன்றாக இருந்து கோழிமேல் கசந்தால் அது சர்க்கரை கருகியது. முதல் தலைப்புக்குப் போங்கள்.

திகட்டும் இனிப்பு என்றால் உப்பைக் கூட்டாதீர்கள், புளிப்பைக் கூட்டுங்கள். கலமான்சி என்னும் சிறு எலுமிச்சையை அடுப்பை அணைத்த பிறகு பிழிந்தால் மணமும் நிற்கும். புளிப்பு மிஞ்சினால் குலா மலாக்கா இன்னும் கொஞ்சம், அதோடு ஒரு கரண்டி வெண்ணெய். காரம் மிஞ்சினால் தக்காளி சாஸைக் கூட்டி மீண்டும் சுண்டவையுங்கள். ஒரு விஷயம்: சட்டியில் ருசி பார்க்கும்போது சாஸ் கொஞ்சம் தூக்கலாகவே தெரிய வேண்டும். கோழிமேல் மெல்லிய பூச்சாகப் போகும்போது அதுதான் சரியாக இருக்கும்.

பச்சைக் கோழி பக்கம் போவதற்கு முன்பே சாஸை இரண்டு பாத்திரமாகப் பிரித்துவிடுங்கள். ஒன்று பூச, ஒன்று தொட்டுக்கொள்ள. தூரிகை போன பாத்திரத்தை மேசைக்குக் கொண்டு வரக் கூடாது. கோழி ஊறிய கலவையையும் அப்படியே சாஸாகப் பயன்படுத்தக் கூடாது. கட்டாயம் வேண்டுமென்றால் தளதளவெனக் கொதிக்க வைத்த பிறகு.

கொழுப்பு சொட்டித் தீ எழும்புகிறது

தண்ணீர் தெளிக்காதீர்கள். சாம்பல் பறந்து கோழியில் ஒட்டும், கொழுப்பு தெறிக்கும், கரியும் குளிரும். கோழியைக் கரி இல்லாத பக்கத்துக்கு இழுத்தால் அரை நிமிடத்தில் தீ தானாக அடங்கும். இழுக்க இடம் இருக்க வேண்டும், அதற்குத்தான் அந்த வெற்றிடம். தொடையின் ஓரத்தில் தொங்கும் மஞ்சள் கொழுப்பையும் கழுத்துப் பக்கத் தோலையும் முன்பே நறுக்கி எடுத்தால் பாதித் தீ எழாது. எண்ணெய் மிதக்கும் ஊறல் கலவையில் இருந்து எடுத்த கோழியை வடியவிட்டு வையுங்கள்.

தோல் ரப்பர் போல இழுக்கிறது

ஈரம்தான் காரணம். தோலில் உள்ள நீர் ஆவியாகி முடியும்வரை அதன் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. பொன்னிறமும் முறுகலும் 140 டிகிரிக்கு மேல்தான். உப்பு தடவிய கோழியைக் குளிர்ப்பெட்டியின் அடித்தட்டில், மூடாமல், ஓர் இரவு வையுங்கள். காலையில் தோல் காகிதம் போல வறண்டிருக்கும். மூடாமல் வைக்க இடமில்லை என்றால் காகிதத்தால் அழுத்தித் துடைத்தாலும் ஓரளவு பலன் உண்டு. வெந்து முடியும்போது, சாஸுக்கு முன், தோல் கீழே இருக்கும்படி கரிமேல் இரண்டு நிமிடம் வைத்துக் கொழுப்பை உருக்குங்கள். சாஸ் பூசிய பிறகு தோலை முறுக்க முடியாது.

தட்டைக் கவிழ்த்து மூடிய நிலையிலேயே கடைசிவரை விட்டாலும் தோல் ஆவியில் ஊறிவிடும். சாஸ் கட்டம் வந்ததும் தட்டை எடுத்துவிடுங்கள்.

கோழி தண்ணீர் விடுகிறது, நிறமே வரவில்லை

பெரும்பாலும் உறைந்த கோழி. 2022 ஜூனில் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது ஈரச்சந்தைக் கோழி கிடைக்காமல் பிரேசில் கோழிக்கு மாறிய வீடுகளில் பல அதிலேயே நின்றுவிட்டன. விலை குறைவு, எப்போதும் கிடைக்கும், சரியாக உறைநீக்கினால் சுவையும் நன்றாகவே இருக்கும். அவசரமாக உறைநீக்குவதில்தான் கெடுகிறது. காலையில் எடுத்துத் தொட்டியில் போட்டு மதியம் மசாலா தடவினால் நடுவில் ஐஸ் இருக்கும், அது நெருப்பில் உருகி வடிந்துகொண்டே இருக்கும். இரண்டு கிலோ பைக்கு முழுதாக ஒரு நாள் குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் கொடுங்கள். பிறகு வந்த நீரைக் கொட்டி, துடைத்து, அதற்குப் பின் உப்பு. வேளை கழிந்துவிட்டால் பையோடு குளிர்ந்த நீரில் அமிழ்த்தி, அரை மணிக்கு ஒருமுறை நீரை மாற்றுங்கள், வெந்நீர் வேண்டாம்.

கோழியைக் குழாயடியில் அலசும் பழக்கம் நம்மிடம் ஆழமாக ஊறியது, விடச் சொன்னால் பெரியவர்களுக்கு மனம் ஒப்பாது. ஆனாலும் சொல்கிறேன்: தெறிக்கும் நீரோடு கிருமி தொட்டி, பாத்திரம், பக்கத்துக் காய்கறி எல்லாவற்றிலும் படியும், தோலும் ஈரமாகும். மஞ்சளும் உப்பும் தடவி, காகிதத்தால் துடைத்தெடுத்தால் வாடையும் போகும்.

உள்ளே உப்பில்லை, அல்லது மேலே மாவாகக் குழைந்துவிட்டது

இரண்டும் ஊறவைப்பதன் குறைகள். மசாலா எவ்வளவு நேரம் ஊறினாலும் சில மில்லிமீட்டருக்குக் கீழே போகாது. உள்ளே இறங்குவது உப்புதான். ஒரு கிலோ கோழிக்கு 12 கிராம், அதாவது தூள் உப்பு தட்டையாக இரண்டு தேக்கரண்டி, முதல் நாளே தடவிவிடுங்கள். தொடையில் எலும்பு தொடும்வரை இரண்டு மூன்று கீறல் போட்டால் மசாலாவும் உள்ளே போகும், சீக்கிரமும் வேகும்.

குழைவதற்குக் காரணம் எலுமிச்சையோ பப்பாளியோ. பச்சைப் பப்பாளி விழுது ஒரு கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி, இரண்டு மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். பிராய்லர் கோழிக்கு அது தேவையே இல்லை என்பது என் கருத்து; ஆட்டுக்கறிக்குச் செய்வதைப் பழக்கத்தில் கோழிக்கும் செய்கிறோம். எலுமிச்சையில் ஓர் இரவு ஊறிய கோழியின் மேற்பரப்பு சுண்ணாம்பு போல ஆகிவிடும். இரவு முழுவதும் ஊற வேண்டுமென்றால் தயிர் பாதுகாப்பானது. எலுமிச்சைக்கு ஒரு மணி நேரம் போதும்.

வலையில் ஒட்டிக் கிழிகிறது

வலை சூடாகவில்லை, அல்லது நீங்கள் அவசரப்பட்டீர்கள். காலி வலையை ஐந்து நிமிடம் கரிமேல் காயவிட்டு, எண்ணெய் தோய்த்த வெங்காயப் பாதியை இடுக்கியால் பிடித்துத் தேயுங்கள். கோழியை வைத்த பிறகு தொடாதீர்கள். வெந்து காய்ந்ததும் தானாக விடும். இழுத்தால் வரவில்லையா, இன்னும் ஒரு நிமிடம். பலசரக்குக் கடையின் மெல்லிய வலை நடுவில் தொய்ந்து கரியைத் தொடும். அதில் இரண்டைக் குறுக்காக அடுக்கலாம், எவர்சில்வர் வலை ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. விருந்தில் சைவம் சாப்பிடுபவர்கள் இருந்தால் அவர்களுடைய சோளத்துக்கும் டௌஃபுவுக்கும் தனி வலை, தனி இடுக்கி, கரி புதிதாக இருக்கும்போதே முதல் முறை. மலாய் நண்பர்கள் வருவதானால் கோழி ஹலால் கடையில் வாங்கியது மட்டும் போதாது, வலையும் பன்றி இறைச்சி படாததாக இருக்க வேண்டும். கேட்கும் முன்பே அதைச் சொல்லிவிட்டால் அவர்களுக்கு நிம்மதி.

கரி பிடிக்கவில்லை, பிடித்தாலும் மண்ணெண்ணெய் வாடை

வாடை வருவது பற்றவைக்கும் கட்டிகள் எரிந்து முடியும் முன் கோழியை வைப்பதால். கரியின் மேல் சாம்பல் பூக்க இருபதிலிருந்து முப்பது நிமிடம் ஆகும், அதற்கு முன் எதையும் வைக்காதீர்கள். விருந்தினர் வரும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே அடுப்பு மூட்ட வேண்டியதற்குக் காரணம் இதுதான். எரியும் கரியில் பற்றவைக்கும் திரவத்தை ஊற்றவே கூடாது, தீ கையை நோக்கி ஏறும்.

பிடிக்கவே இல்லை என்றால் கரி ஈரம் குடித்திருக்கிறது. நம் காற்றின் ஈரத்தில் பிரித்த பை ஒரு மாதத்தில் நமுத்துவிடும். மீதியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். கரியைப் பரப்பி மூட்டாமல் கோபுரமாக அடுக்கி, அடியில் பற்றவைக்கும் கட்டியை வைத்து மூட்டுங்கள். பிடித்த பிறகு பரப்பலாம். சதுப்புநில மரக் கரி சீக்கிரம் பிடித்துக் கடுமையாக எரியும். அழுத்திச் செய்த தேங்காய் ஓட்டுக் கரி மெதுவாகப் பிடித்துச் சீராக நிற்கும். நான் கீழே முதலாவதையும் மேலே இரண்டாவதையும் கலந்து வைக்கிறேன். முக்கால் மணி நேரம் ஆகும் தொடைக்கு அது இடையில் கரி சேர்க்கும் வேலையை மிச்சப்படுத்தும்.

கொண்டோ அடுப்பு மின்சாரம், புகை மணமே இல்லை

பல கொண்டோக்களில் கரிக்குப் பதில் மின்சாரத் தட்டுதான். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் தாழ்வாரத்தில் கரி மூட்டவும் கூடாது, வீட்டுக்குள் மூட்டினால் கார்பன் மோனாக்சைடு ஆளையே கொன்றுவிடும். புகை மணம் வேண்டுமென்றால் சாஸுக்குள் கொண்டு வாருங்கள்: வெங்காயத்தையும் தக்காளியையும் மிளகாயையும் காஸ் தீயில் நேரடியாகச் சுட்டு, தோல் கருக விட்டு, உரித்து அரையுங்கள். வீட்டு அவனில் என்றால் 200 டிகிரியில் தொடைக்கு முப்பத்தைந்து நாற்பது நிமிடம், கடைசிப் பத்து நிமிடம் சாஸ், முடிவில் மேல்சூட்டில் இரண்டு மூன்று நிமிடம், கண்ணை எடுக்காமல்.

பாதியில் மழை

நவம்பர் முதல் ஜனவரி வரை இது நடக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மற்ற மாதங்களிலும் பிற்பகல் இடிமழை உண்டு, அதனால் மாலை ஆறுக்குப் பிறகு மூட்டுவது நல்லது. கோழியை மட்டும் மூடி, அலுமினியத் தட்டில் அடைத்து, வீட்டுக்குக் கொண்டு போய் உடனே அவனிலோ சட்டியிலோ முழுதாக வேகவைத்துவிடுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று பாதி வெந்ததைக் குளிர்ப்பெட்டியில் வைக்காதீர்கள். கூடாரத்துக்கு அடியில் அடுப்பை இழுக்கும் யோசனையும் வேண்டாம். இடி கேட்டால் கடற்கரையில் நிற்காமல் கட்டடத்துக்குள் போய்விடுங்கள்.

மிச்சமானது

வெந்த கோழி மேசையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்க வேண்டாம். காகங்களும் மைனாக்களும் அதற்கு முன்பே வந்துவிடும் என்பதால் மூடியே வையுங்கள். குளிர்ப்பெட்டியில் மூன்று நாள் தாங்கும். மறுநாள் சூடேற்றும்போது நேரடிச் சூட்டில் வைத்தால் சாஸ் மீண்டும் கருகும். தாளில் சுற்றி, ஒரு கரண்டி நீர் தெளித்து, உள்வரை ஆவி பறக்கச் சூடாக்குங்கள். கறியைப் பிய்த்து, முட்டையோடு பழைய சோற்றில் கிளறினால் பிள்ளைகளுக்குக் காலை உணவு. தூரிகை படாத சாஸைச் சூட்டோடு கண்ணாடிக் குப்பியில் ஊற்றி, ஆறியதும் குளிர்ப்பெட்டியில் வைத்தால் ஒரு வாரம் இருக்கும். பூசிய பாத்திரத்தில் மீந்தது எவ்வளவு நன்றாக இருந்தாலும் கொட்டிவிடுங்கள்.